நீங்கள் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?

வேலைக்கான நேர்முகத் தேர்வு முடியும் தறுவாயில் ஒரு நிமிஷம் வரும். படிப்பையும் அனுபவத்தையும் பற்றி அரைமணி நேரம் கேட்டுத் தீர்த்தபின், மேஜைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர் கையிலுள்ள காகிதங்களைத் தட்டி அடுக்கிக்கொண்டே, "நீங்கள் எங்களிடம் ஏதேனும் கேட்க விரும்புகிறீர்களா?" என்பார். தில்லியில் அது ஹிந்தியில் வரலாம். பெங்களூரிலும் புணேயிலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். எந்த மொழியில் வந்தாலும் நம்மவர் பலர் அளிக்கும் விடை ஒன்றுதான்: "ஒன்றும் இல்லை, ஐயா." சொல்லிவிட்டு எழுந்து வணங்கி, கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுகிறோம்.

இதற்குக் காரணம் அறியாமை அன்று, வளர்ப்பு. வீட்டில் பெரியவர்களிடமும் பள்ளியில் ஆசிரியரிடமும் எதிர்த்துக் கேளாதிருப்பதே பண்பு என்று கற்று வளர்ந்தவர்கள் நாம். வேலை கொடுப்பவரையே கேள்வி கேட்பதா, கேட்டுக் கிடைக்கவிருப்பதும் கைநழுவிப் போனால் என் செய்வது என்ற அச்சமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. ஆனால் எதிரே இருப்பவர் அந்த வினாவை வெறும் உபசாரமாக மட்டும் விடுப்பதில்லை. வந்தவர் இந்த வேலையைப் பற்றிச் சிறிதேனும் எண்ணிப் பார்த்திருக்கிறாரா, அல்லது பத்து இடங்களுக்கு எழுதிப் போட்டதில் ஒன்று இது என்று வந்திருக்கிறாரா என்பதை அவர் அந்த நிமிஷத்தில் அளந்துகொள்கிறார். நமக்கோ அதைவிடப் பெரிய காரியம் ஒன்று அதில் இருக்கிறது. அதுவரை அவர் நம்மைச் சோதித்தார். இனி நாம் அவரைச் சோதிக்கலாம். அந்த உரிமையை அவரே நம் கையில் தருகிறார்.

நம் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். அரசுப் பணிக்கு வருமுன், 2003-ஆம் ஆண்டில், வடநாட்டு நகரம் ஒன்றில் ஒரு வியாபார நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்துக் குமாஸ்தாவாகத் தேர்வு பெற்றோம். இலக்கியப் பட்டமும், பிழையின்றி ஆங்கிலம் எழுதும் பழக்கமுமே நம் தகுதி. மாதம் 8,000 ரூபாய் என்றார்கள். கேட்க ஏதேனும் உண்டா என்றார்கள். இல்லை என்றோம். ஊருக்குத் திரும்பி, தங்கையின் கல்லூரிச் செலவுக்கு மாதந்தோறும் 2,000 ரூபாய் அனுப்புவதாக வாக்களித்துவிட்டு ரயில் ஏறினோம்.

முதல் மாத முடிவில் கைக்கு வந்தது 6,115 ரூபாய். மற்றவை எங்கே போயின என்பதைக் கணக்கர் பொறுமையாகவே விளக்கினார். அது மட்டுமா? கடிதம் எழுதும் வேலை வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற நாட்களில், பாக்கி வைத்திருந்த வாடிக்கைக்காரர்களைத் தொலைபேசியில் அழைத்து ஹிந்தியில் வசூலுக்கு நெருக்க வேண்டும். நமக்கு அன்று தெரிந்த ஹிந்தியோ திரைப்படப் பாட்டளவு. நான்கு மாதங்கள் தாக்குப்பிடித்தோம். ஒரு மாதம்கூடச் சொன்ன பணத்தை அனுப்ப முடியவில்லை. அந்தப் பருவக் கட்டணத்துக்கு நம் அன்னையாரின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. இன்று நினைத்துப் பார்க்கையில், அந்த நிறுவனத்தார் நம்மிடம் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாம் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை.

சொந்த ஊரில் தவறான வேலையில் சேர்ந்தால் நஷ்டம் சிறிது. மறுமாதம் விட்டுவிட்டு வேறொன்று தேடலாம். வெளிமாநிலத்தில் அவ்வாறன்று. பல மாத வாடகையை முன்பணமாகக் கட்டியிருப்போம். குழந்தையைப் பள்ளியில் சேர்த்திருப்போம். சாமான்களை லாரியில் ஏற்றிக் கொணர்ந்திருப்போம். இதைக் காட்டிலும் நுட்பமான வேறுபாடு ஒன்றும் உண்டு. ஊரில் ஒரு கம்பெனியின் யோக்கியதை நாம் கேளாமலே காதில் விழும். மாமாவின் நண்பர் அங்கே கணக்கராக இருப்பார், தேநீர்க் கடையில் ஒருவர், "அங்கேயா? தீபாவளிக்குக்கூட விடமாட்டானே" என்பார். அயலூரில் இந்தச் செவிவழிச் செய்தி நமக்குக் கிட்டாது. மாட்டுங்காவிலோ கரோல் பாகிலோ பழைய தமிழ்க் குடும்பங்களின் நட்பு வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்களுக்கு அந்தக் கடைசி நிமிஷத்துக் கேள்வியே தேநீர்க் கடை. அதுவே மாமாவின் நண்பர்.

சரி, எதைக் கேட்பது? நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக நெட்டுருச் செய்த இந்தப் பட்டியல் நேர்முகத் தேர்வு அறையில் பயன்படும் என்று அன்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. விடையைத் தான் அறிந்திருந்தும் மாணவன் அறிவானா என்று பார்க்க ஆசிரியர் கேட்பது அறிவினா. வேலை தேடி வந்தவர் இதைக் கேட்பது பொருந்தாது. நிறுவனம் எத்தனை ஆண்டுகளாக நடக்கிறது என்பதை அவர்களுடைய இணையதளத்திலேயே படித்துவிட்டு, அதையே ஆவலோடு வினவுவோர் உண்டு. கேட்பதற்காகக் கேட்கிறார் என்பது மறுகணமே வெளிப்பட்டுவிடும். கடைக்காரரிடம் பொருள் வேண்டிக் கேட்பது கொளல் வினா. விடுமுறை எத்தனை, சலுகை என்ன என்பவை அவ்வகை. அவற்றைக் கேட்கக் கூடாதென்பதில்லை. வாய் திறந்ததும் முதற்கேள்வியாகக் கேட்கலாகாது. நமக்கு உகந்தவை அறியா வினாவும் ஐய வினாவுமே. உண்மையாகவே நமக்குத் தெரியாததாக இருக்க வேண்டும். அவர் சொல்லும் விடையைப் பொறுத்து நம் முடிவு மாறக்கூடியதாகவும் இருக்க வேண்டும். எந்த விடை வந்தாலும் நாம் சேரத்தான் போகிறோம் என்றால் அந்தக் கேள்வியால் பயனில்லை.

நம் அபிப்பிராயத்தில் எல்லாவற்றினும் சிறந்த கேள்வி ஒன்று உண்டு: "இந்த இடத்தில் இதற்கு முன் இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?" பதவி உயர்வு பெற்று மாடிக்குப் போய்விட்டார் என்றால் நல்லது, அவரை ஒரு முறை பார்த்துப் பேசலாமா என்று தொடர்ந்து கேட்கலாம். விலகிவிட்டார் என்றால், எத்தனை நாள் இருந்தார் என்பதை மெதுவாகக் கேட்கலாம். ஒரே ஆண்டில் இருவர் மூவர் வந்து போயிருந்தால், சொல்பவர் எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். இது புதிய பதவி, முன்பு யாரும் இல்லை என்றால், அடுத்த கேள்வி தானே பிறக்கிறது: "முதல் மூன்று மாதங்களில் நான் எதை முடித்துக் காட்டினால் நீங்கள் திருப்தி அடைவீர்கள்?" இதற்குத் தெளிவான விடை கூற இயலாத மேலதிகாரி, மூன்று மாதம் கழித்து நாம் என்ன செய்தாலும் திருப்தி அடையப் போவதில்லை.

இடத்தைப் பற்றிய கேள்வியையும் விடலாகாது. புணே என்று விளம்பரம் செய்துவிட்டுச் சாகனிலும், தில்லி என்று சொல்லிவிட்டு மானேசரிலும், பெங்களூர் என்று நம்பவைத்துப் பிடதியிலும் வேலைக்கு நிறுத்துவது உண்டு. நகரத்தில் வீடு பார்த்துவிட்டு நாள்தோறும் போக வர மூன்று மணி நேரம் பிரயாணம் செய்வோர் நமக்குத் தெரிந்தே பலர். அவ்வாறே, "சம்பளப் பட்டியலில் என் பெயர் உங்கள் நிறுவனத்தில் இருக்குமா, ஒப்பந்தக்காரரிடத்தில் இருக்குமா?" என்பது சரியான ஐய வினா. தேர்வு செய்பவர் ஒருவர், சம்பளம் தருபவர் வேறொருவர் என்ற ஏற்பாடு இந்நாளில் மிகுதி. வாயிற்பலகையில் உள்ள பெயருக்கும் நம் நியமனக் கடிதத்தில் உள்ள பெயருக்கும் சம்பந்தம் இராது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்கள் ஆதலின், மொழியைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க நேயர்கள் இடம் தரவேண்டும். நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில் நடந்தால் வேலையும் ஆங்கிலத்திலேயே நடக்கும் என்று எண்ணிவிடுகிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. மேலாளருடன் ஆங்கிலம், பட்டறையில் மராத்தி, சரக்கு ஏற்றுபவர்களுடன் போஜ்புரி கலந்த ஹிந்தி, வரி அலுவலகத்துக்குப் போனால் அம்மாநில மொழி. "நாள் முழுவதும் நான் யார் யாருடன், எந்த மொழியில் பேச வேண்டியிருக்கும்?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. நம் குறையை நாமே எடுத்துக் கொடுப்பதாகாதா என்று ஓர் இளைஞர் நம்மிடம் கேட்டார். சேர்ந்த இரண்டாம் நாளே அது வெளிப்படப் போகிறது, முதலிலேயே தெரிந்தால், "ஆறு மாதத்தில் பேசக் கற்றுக்கொள்கிறேன், அதுவரை உடனிருந்து உதவ ஆள் உண்டா?" என்று சேர்த்துக் கேட்க வழியுண்டல்லவா? நாம் 2003-இல் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் வசூல் வேலையின் கதை அன்றே தெரிந்திருக்கும்.

கேட்கும் முறையிலும் மொழியின் வலை ஒன்று இருக்கிறது. தமிழில் "சொல்லுங்கள்" என்பது மரியாதைச் சொல். அதையே சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி "டெல் மீ" என்று தொடங்கினால் அதிகாரத் தொனி ஏறிவிடுகிறது. "தெரிந்துகொள்ளலாமா" என்ற பொருளில் "மே ஐ நோ" என்று தொடங்குவது நலம். ஹிந்தியிலோ, கடைத்தெருவில் கற்றவர்களுக்கு முதலில் நாவில் வருவது "தும்" என்ற ஒருமை சார்ந்த சொல். "கித்னா தோகே" என்பதற்கும் "கித்னா தேங்கே" என்பதற்கும் ஓரெழுத்து இரண்டெழுத்துதான் வேற்றுமை. கேட்பவர் செவியில் அது "நீ எவ்வளவு தருவாய்" என்பதற்கும் "தாங்கள் எவ்வளவு தருவீர்கள்" என்பதற்கும் உள்ள வேற்றுமை. நம் உள்ளத்தில் மரியாதை குறையாதிருந்தும், வினைச்சொல்லின் விகுதி குறைத்துவிடும். கேட்க எண்ணிய நான்கைந்து கேள்விகளை முன்னாளே எழுதி, அம்மொழி அறிந்த ஒருவரிடம் படித்துக் காட்டிவிடுவது நல்லது. காகிதத்தைப் பார்த்துக் கேட்பதிலும் இழுக்கில்லை.

கேட்டால் மட்டும் போதாது. விடையைக் காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். நன்னூலார் விடையையும் எட்டாகப் பிரித்திருக்கிறார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடி விடைகள். மற்ற ஐந்தும் சுற்றி வருபவை. ஏவல், எதிர்வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய இவற்றையும் விடையென்றே அவர் ஏற்றுக்கொண்டார். ஏனென்றால், குறிப்பாக அவையும் உண்மையைச் சொல்லிவிடுகின்றன. "ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டா?" என்று கேட்கிறோம். "இங்கே நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்போல" என்று விடை வந்தால் அது இனமொழி. விடுமுறை இல்லை என்று பொருள். "முன்பு இருந்தவர் ஏன் விலகினார்?" என்பதற்கு, "உங்களுக்கு வேலையில் ஆர்வம் இருக்கிறதல்லவா?" என்று திருப்பிக் கேட்டால் அது எதிர்வினாதல். "சம்பள உயர்வு எப்போது?" என்றதற்கு, "சென்ற இரண்டாண்டும் வியாபாரம் மந்தம்" என்றால் உற்றதுரைத்தல். அங்கேயே வழக்காட வேண்டாம். குறித்துக்கொண்டால் போதும். "எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் மட்டும் அவரைப் பற்றி நல்லெண்ணம் கொள்ளலாம்.

இனிப் பண விஷயம். முதற்சந்திப்பில் நாமாக எடுப்பதைவிட, அவர்கள் வேலை தர முன்வந்த பிறகு, நாம் ஒப்புக்கொள்வதற்கு முன், இடையிலுள்ள அந்த ஓரிரு நாட்களே இதற்குத் தக்க சமயம். அப்போது கேட்க வேண்டியது, "மொத்தம் எவ்வளவு?" என்பதன்று, "மாத முடிவில் என் கணக்கில் வரவாவது எவ்வளவு?" என்பதே. சி.டி.சி. என்று சொல்லப்படும் தொகை நிறுவனம் நமக்காகச் செய்யும் மொத்தச் செலவு. நம் சம்பளம் அன்று. மாதம் 50,000 ரூபாய் என்று பேசி, அதில் அடிப்படை ஊதியம் 25,000 என்று வைத்துக்கொள்வோம். முழு அடிப்படை ஊதியத்துக்கும் வருங்கால வைப்பு நிதி பிடிக்கும் இடமானால், 12 சதவீதப்படி நம் பங்கு 3,000. நிறுவனத்தின் பங்கு 3,000. இரண்டும் அந்த 50,000-க்குள்ளேயே அடங்கும். பணிக்கொடைக்கென்று ஒதுக்குவது ஏறத்தாழ 1,200. மகாராஷ்டிரமானால் தொழில் வரி மாதம் 200. கைக்கு வருவது 42,600 ரூபாய் அளவே. வைப்பு நிதி நம் சேமிப்புதான், வீண் போகவில்லை. ஆயினும் வீட்டு வாடகையை அதிலிருந்து கொடுக்க முடியாதே!

சட்டத்தின் துணையும் இப்போது சிறிது கூடியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, பணியில் சேர்பவருக்கு நியமனக் கடிதம் தந்தாக வேண்டும். படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே கணக்கிடப்படும். குறித்த காலத்துக்கு மட்டும் நியமிக்கப்படுபவர் ஓராண்டு பணி முடித்தாலே பணிக்கொடைக்கு உரியவர் ஆகிறார், மற்றவர்களுக்கு ஐந்தாண்டு. வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதியக் கணக்கைத் தீர்க்க வேண்டும். மாதம் 18,000 ரூபாய்க்கு மேற்படாத ஊதியத்தில் மாநிலம் விட்டு வந்த தொழிலாளிக்கு, விதிகளுக்கு உட்பட்டு, சொந்த ஊர் போய்த் திரும்பும் பயணச் செலவுக்கும் இடமுண்டு. ஆகவே, "நியமனக் கடிதம் சேருவதற்கு முன்பே கிடைக்குமா?" என்பது அதிகப்பிரசங்கம் ஆகாது. ஊரில் பார்க்கிற வேலையை ராஜிநாமா செய்யுமுன் அந்தக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தப் பத்திரம் எழுதிக் கேட்பார்களா, மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தருவார்களா அல்லது வைத்துக்கொள்வார்களா, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பவற்றையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். பத்திரமெல்லாம் செல்லாது என்று நண்பர்கள் சொல்வதை முழுதும் நம்ப வேண்டாம். விலகிய பிறகு வேறெங்கும் அதே தொழில் செய்யலாகாது என்னும் நிபந்தனை 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி செல்லாது என்பது உண்மையே. ஆனால் மூன்றாண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி விதித்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் ஏற்றுக்கொண்டது. சேருவதற்கே பணம் கட்டச் சொல்லும் இடத்தில் கேள்வியே வேண்டாம். வந்த வழியே திரும்பிவிடலாம்.

இவையெல்லாம் தனியார் துறைக்கு. மத்திய அரசில் கெஜட் அந்தஸ்து இல்லாத 'பி' பிரிவுக்கும் 'சி' பிரிவுக்கும் 2016 ஜனவரி முதல் நேர்முகத் தேர்வே இல்லை. மத்திய தேர்வாணையத்தின் முன் அமர்பவர்கள் அங்கே சம்பளத்தையும் விடுமுறையையும் விசாரிக்கப் போவதில்லை. அவை விதிப்புத்தகத்தில் இருக்கின்றன.

சென்ற ஆண்டு தில்லியில் நம் அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி பின்மாலை ஷிப்ட் வேலை ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றாள். பெண்களை மாலை 7 மணிக்குப் பின் பணியமர்த்த அவர்கள் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். வண்டி வசதி உண்டு என்பது விளம்பரத்திலேயே இருந்தது. தந்தையார், "அதிகம் பேசாதே, அம்மா" என்று சொல்லியே அனுப்பினார். அவள் கேட்டது ஒரே கேள்வி: "இரவில் அந்த வண்டி வீட்டு வாயில் வரை வருமா, பெரிய சாலையில் இறக்கிவிடுமா?"

எதிரே இருந்த அதிகாரிக்குத் தெரியவில்லை. வண்டிகளைக் கவனிப்பவரை அழைத்து விசாரித்தார். பெரிய சாலை வரைதான் என்று தெரிந்தது. அங்கிருந்து நம் குடியிருப்புக்கு நடந்து வர முக்கால் கிலோமீட்டர்; பாதி வழியில் விளக்கில்லை. அவள் அதைச் சொல்லி, "அப்படியானால் வீட்டில் கலந்துகொண்டுதான் சொல்ல முடியும், ஐயா" என்று எழுந்து வந்துவிட்டாள். வேலை போயிற்று என்று அவள் தந்தையார் இரண்டு நாள் அவளுடன் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் நியமனக் கடிதம் வந்தது. வாயில் வரை வண்டி வரும் என்று அதில் ஒரு வரி தனியாகச் சேர்க்கப்பட்டிருந்தது. இப்போது இரவு பதினொன்றரை மணிக்கு அந்த வண்டி நம் குடியிருப்பின் வாயிலில் வந்து நிற்கிறது. அதிலிருந்து மூன்று பெண்கள் இறங்குகிறார்கள். மற்ற இருவரும் ஓராண்டாகப் பெரிய சாலையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தவர்கள்.